பெயரும் பேரேடும்

கல்லூரியொன்று தனது விழாவாண்டை எய்தும்போது, பழைய மாணவர் கூடுமிடத்திலே சேர்வு இடாப்பு வெளியே எடுக்கப்படுதல் வழக்கம். மஞ்சள் பூத்த அத்தாள்களிலே தத்தம் பெயரைத் தேடிக் கண்டு மகிழாதார் யாவர்? தந்தையார் சொன்ன பெயர் ஒன்றாகவும், எழுதியவர் எழுதிய பெயர் வேறொன்றாகவும் இருக்கக் கண்டால், “இவனா நான்!” என்று நகைத்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். எழுத்தொன்று பிறழ்ந்தமையால் எமக்கு நேர்ந்த இழப்பு யாதுமில்லை.

இதே நாட்டில், ஹற்றன், நுவரெலியா மலைச்சரிவுகளிலே, இவ்வாறு நகைத்துவிட்டுச் செல்லமுடியாத மக்கள் உளர். அவர்தம் பெயர் பேரேட்டுக்குப் பேரேடு வேறுபட்டு நிற்பதனால், உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு எட்டாது தாமதிக்கின்றது. இக்குறையைத் தீர்ப்பதற்குக் கணினித் தரவுத்தளத்திலே ஒரு வழி உண்டு. அவ்வழியைக் கைக்கொள்ளுக; அதற்கு வேண்டிய விதிகளை எம்மவரே எழுதுக; ஆயினும் இறுதித் தீர்ப்பை அப்பொறியின் கையில் ஒப்படையாது விடுக. இக்கட்டுரையில் நாம் கூற விழைவது இம்மூன்றுமே.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலே முப்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்துவோம். பிறப்புப் பதிவிலே அவர் ‘இலட்சுமி’. பேர் பதிந்த நாளிலே செக்றோலில் எழுதப்பட்டது ‘லெட்சுமி’. தேசிய அடையாள அட்டையிலோ ‘லக்ஷ்மி’. தந்தையின் பெயருக்கு உரிய முதலெழுத்து ஓரிடத்தில் ‘வீ’, மற்றோரிடத்தில் ‘டபிள்யு’. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்பட்டுவந்தது; தோட்டம் நூற்றுக்கு 12 பங்கு சேர்க்கக் கடமைப்பட்டது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனைப் பெறலாம் என்பது விதி. வயது வந்தது, பணமும் இருக்கின்றது. ஆயின், ‘இப்பணத்துக்கு உரியவர் நீர்தாமோ?’ என்ற வினா எழுகின்றது. உடனே கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நடை, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசிக்கு ஒரு நடை, தோட்டக் கந்தோருக்கு ஒரு நடை, தொழில் திணைக்களத்துக்குப் பலநடை. உடன் செல்லும் மகனோ மகளோ ஒவ்வொரு நடைக்கும் ஒருநாட் பேரை இழக்கவேண்டும். மலையகத்தை அறிந்தார்க்கு இது புதிய கதையன்று.

இப்பிறழ்வுகள் எங்ஙனம் நேர்ந்தன? தமிழிலே சொல்லப்பட்ட பெயர் ஆங்கில எழுத்திலே பதியப்பட்டது முதற்காரணம். எம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்பதொன்று இன்மையால், தந்தையின் பெயரும் தன் பெயரும் முன்பின்னாக மாறியது இரண்டாவது காரணம். பேரேடுகள் கைமாறுந்தோறும் படியெடுக்கப்பட்டது மூன்றாவது காரணம். கம்பனிகளின் கையிலிருந்த தோட்டங்கள் 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்கு உரியனவாயின. தனியாரின் பெருங்காணிகள் 1972ஆம் ஆண்டிலேயே அவ்வாறாயின. பின்னர் 1992ஆம் ஆண்டிலே அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்கள் பெயர்த்தெழுதப்பட்டன. ஈற்றில் ஏடுகள் கணினிக்குள் ஏறியபோது, பிழைகளும் உடன் ஏறின.

இவ்விடத்திலே எமது பங்கையும் மறைத்தலாகாது. ஆங்கிலக் கல்வி பெற்ற வடபுலத்து இளைஞர் பலர் ஒருகாலத்தில் மலைநாடு சென்று தோட்டக் கந்தோர்களிலே கிளாக்கர்மாராகவும் பாடசாலைகளிலே ஆசிரியர்களாகவும் கடமையாற்றினர். பிரட்டுக்களத்திலே கணக்கப்பிள்ளை உரத்துச் சொன்ன பெயரை, மாலையிலே விளக்கின் கீழிருந்து ஆங்கில எழுத்திற் பதித்த பேனாக்களுட் சில எம்மவர் பேனாக்களே. அவர் வஞ்சம் நினைத்து எழுதினாரல்லர். காதிற் கேட்டவாறு எழுதினர். ஆயினும் அவர் எழுதிய ஓரெழுத்து, அவர் இளைப்பாறி ஊர் திரும்பிய பின்னரும், இன்னொருவர் வாழ்வின்மேற் கிடந்து அழுத்துகின்றது. அக்கடனை இறுக்குதல் அவர்வழி வந்தோர்க்கு உரியது.

எழுத்தின் வலிமையை மலையகம் கசந்து கற்றுள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டும் என்று அது விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. கைநாட்டு வைத்து வாழ்ந்த மக்களிடம் கடதாசியைக் காட்டு என்று கேட்டால், அவர் எதனைக் காட்டுவர்? எஞ்சியோர் நிலை 1964ஆம், 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களையும், இறுதியில் 2003ஆம் ஆண்டின் சட்டத்தையும் நோக்கிக் காத்துக் கிடந்தது. ஆதலின், பெயரொன்று ஏட்டிலே எவ்வாறு நிற்கின்றது என்பதைச் சிறு கருமமென்று நாம் தள்ளிவிடுதல் தகாது.

இனிக் கணினியின் பக்கம் திரும்புவோம். மாணவர் பொருட்டுச் சற்று விளக்கிச் சொல்லுதல் வேண்டும். தரவுத்தளம் என்பது வரிகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகள் பலவற்றை ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பெரும் பேரேடு. 1970ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் கொட் அதற்கு வகுத்த இலக்கணமே இன்றளவும் பெரும்பாலான தரவுத்தளங்களுக்கு அடிப்படை. இப்பேரேட்டைக் காக்கும் மென்பொருளுக்குச் சில தொழில்கள் இயல்பாகவே தெரியும்: கூட்டும், பெருக்கும், தேதிகளை ஒப்பிடும், பெயர்களை வரிசைப்படுத்தும். ‘லெட்சுமி’யும் ‘லக்ஷ்மி’யும் ஒருவராக இருத்தல் கூடும் என்பது அதற்குத் தெரியாது. அது தெரியவேண்டுமெனின் நாமே கற்பித்தல் வேண்டும்.

கற்பிப்பதற்கு வாயிலும் உண்டு. புதியதொரு சார்பை நாமே எழுதி, அதற்கொரு பெயரிட்டு, தரவுத்தளத்தினுள்ளேயே வைத்துவிடலாம். அதன்பின்னர், கூட்டலையும் பெருக்கலையும் ஏவுவதுபோல அச்சார்பையும் பெயர் சொல்லி ஏவலாம். பல படிகள் கொண்ட வேலையாயின், அதனைத் தேக்கிவைத்த செயன்முறை என்பர். 1986ஆம் ஆண்டு பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் ‘போஸ்ற்கிறெஸ்’ என்ற ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய தரவு வகைகளையும் சார்புகளையும் தாமே சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதை அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டார். செய்தவன் அறியாத தேவை பயன்படுத்துவோனுக்கு உண்டு என்று உணர்ந்து கதவொன்றைத் திறந்துவைத்தது பெருந்தன்மையே. அதன் வழித்தோன்றல் 1996ஆம் ஆண்டு முதல் ‘போஸ்ற்கிறெஸ்கியூஎல்’ என்னும் பெயரோடு, யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது.

பெயர்களை ஒலியால் ஒப்பிடும் முயற்சி புதியதன்று. ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறைக்கு 1918ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் றொபேட் றசல் என்பார் உரிமைப்பத்திரம் பெற்றார். பெயரின் முதலெழுத்தை அவ்வாறே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்யெழுத்துக்களை ஒலியினத்துக்கு ஓர் எண்ணாக மாற்றி, மூன்று எண்களோடு நிறுத்திவிடுவது அம்முறை. 1935ஆம் ஆண்டில் அந்நாட்டிலே முதியோர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பலரிடம் பிறப்புச் சான்று இல்லாமையால், 1880ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கேட்டிலே பத்து வயதும் அதற்குட்பட்டவருமான சிறுவர் இருந்த குடும்பங்களுக்கு இம்முறையில் அட்டவணை ஆக்கப்பட்டது. முதியவர் ஒருவர் தம் உரிமையைப் பெறுவதற்குப் பழைய ஏட்டிலே அவர் பெயரைத் தேடிக் கொடுத்த முறை அது. எமது தேவையும் அதுவேயன்றோ!

அங்ஙனமாயின் அம்முறையையே எடுத்துக்கொள்ளலாமே என்பார்க்கு, ஈண்டு ஒரு சோதனை. போஸ்ற்கிறெஸ்கியூஎல் உடன் வரும் துணைத்தொகுதி ஒன்றிலே சவுண்டெக்ஸ் உண்டு. ஆங்கில எழுத்திலே ‘லக்ஷ்மி’ என்று கொடுத்தால் எல்-250 என்ற குறி வரும். ‘லெட்சுமி’ என்று கொடுத்தால் எல்-325 வரும். ஒருவர் இருவராயினர். ‘வேலாயுதம்’ என்பதை ‘வீ’ எழுத்தாற் தொடங்கினால் வீ-435. ‘டபிள்யு’ எழுத்தாற் தொடங்கினால் டபிள்யு-435. ‘கந்தசாமி’க்கு ‘கே’ எழுதினால் ஒருவர். ‘சி’ எழுதினால் வேறொருவர். இனி, ‘ராணி’ என்று கொடுத்தால் ஆர்-500. ‘ராமு’ என்று கொடுத்தாலும் ஆர்-500. ஒருவரை இருவராக்கிய பொறி, இருவரை ஒருவராக்கவும் தயங்கவில்லை! குறை சவுண்டெக்ஸ் ஆக்கியோருடையதன்று. அவர் தம் நாட்டுப் பெயர்களுக்கு ஆக்கினர். எம் பெயர்களுக்கு ஆக்கவேண்டியோர் நாமே.

தமிழ்ப் பெயருக்கு உரிய சார்பு எவ்வாறு அமையலாம்? முதலெழுத்துக்களை வேறாகப் பிரித்து வைக்க, சொன்முதல் ‘வீ’யையும் ‘டபிள்யு’வையும் ஒன்றென்க, வல்லொலியுடைய ‘சி’யையும் ‘கே’யையும் ‘ஜி’யையும் ககரமென்க, ‘க்ஷ’, ‘ட்ச’, ‘ச்ச’ என்பவற்றை ஓரினமாகக் கொள்க, ஈற்றிலே மகரமும் னகரமும் மயங்குதலை மன்னிக்க, இரட்டித்த எழுத்தை ஒற்றையாக்குக. இவ்வாறான சில பத்து விதிகள் போதும். வல்லெழுத்து ஒன்றே இடம்நோக்கிப் பலவாறு ஒலிக்கும் எமது மொழியின் இயல்பை அறிந்தவர்க்கு இவ்விதிகள் வியப்பல்ல. ஆங்கில எழுத்துப் பலவற்றைத் தமிழொலி ஒன்றின் கீழ்க் கொண்டுவருதலே இச்சார்பின் வேலை. எழுதுவதற்கு எந்திரவியலாளர் ஒருவர் வேண்டும்; ஆயின் எழுதப்படவேண்டுவன யாவை என்று சொல்லத்தக்கவர் இளைப்பாறிய தோட்டக் கிளாக்கரும், லயத்துப் பிள்ளைகளை இடாப்பிற் சேர்த்த ஆசிரியரும், பிறப்பைப் பதிந்த மருத்துவமாதருமே.

இதனை ஏன் தரவுத்தளத்தினுள்ளே வைத்தல் வேண்டும் என்று வினவுவோர் உளர். தோட்டக் கந்தோரின் சம்பள மென்பொருள் ஒருவிதமாகவும், கொடுப்பனவுச் சாளரத்து மென்பொருள் வேறொருவிதமாகவும் பெயரை ஒப்பிட்டால், ஓரிடத்திலே ஏற்கப்பட்டவர் மற்றோரிடத்திலே மறுக்கப்படுவார். பேரேட்டின் உள்ளேயே விதி இருப்பின், எக்கதவால் வந்து கேட்பினும் விடை ஒன்றாகவே இருக்கும். மேலும், அட்டவணையை நேரே தொடும் அதிகாரம் இன்றி, செயன்முறையை ஏவும் அதிகாரத்தை மாத்திரம் உத்தியோகத்தருக்கு அளித்தலும் இயலும். பேரேட்டைக் கிழிக்கவோ திருத்தவோ இடமின்றி, அதனை வாசிக்கவும் குறிப்பெழுதவும் மாத்திரம் இடமளிப்பது போன்றது அது.

மறுதரப்பார் கூற்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கெனத் தனி நடைமொழி உடையது. ஒறக்கிளுக்கு எழுதியது மைக்றோசொவ்ற் தளத்தில் ஓடாது. அதற்கு எழுதியது போஸ்ற்கிறெஸ்கியூஎல்லில் ஓடாது. உள்ளே வைத்த விதி பலர் கண்ணிற் படாது மறைந்து கிடக்கும். எழுதியவர் வேலை விட்டுச் சென்றபின் அதனைத் தொடுவதற்கு அஞ்சுவோர் பலர். ஆதலின் விதிகளை முதலிலே தமிழிலே கடதாசியில் எழுதுக. அவற்றைப் பொதுமக்கள் வாசிக்கும்படி வெளியிடுக. பின்னரே எந்த நடைமொழியிலும் பெயர்த்துக்கொள்க. விதி மாறுந்தோறும் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் எண்ணும் தேதியும் இடுக. ஒரே சொல்லுக்கு என்றும் ஒரே விடையே தரும் என்று உறுதி கூறப்பட்ட சார்பைக்கொண்டே போஸ்ற்கிறெஸ்கியூஎல் விரைவுத் தேடலுக்கான சுட்டியை அமைக்கும். சார்பை இடையிலே மாற்றிவிட்டுச் சுட்டியைப் புதுப்பியாது விட்டால், தேடியவர் இருந்தும் இல்லாதவராவார். சிறு கவனக்குறைவு, ஆயின் அதன் பயன் ஒரு தாயின் வெறுங்கை.

இனி நாம் அழுத்திச் சொல்ல விழைவதைச் சொல்கின்றோம். சார்பு பரிந்துரைக்கலாம், தீர்ப்புக் கூறலாகாது. ஒரு தோட்டத்திலே லெட்சுமிகள் பலர் இருப்பர்; ஒரே லயத்திலேயே இருவர் இருத்தலும் கூடும். பெயர் ஒத்தது என்பதனால் ஒருவர் பணத்தை மற்றொருவர் கணக்கிற் சேர்த்துவிட்டால், முன்னைய பிழையிலும் இது பெரும்பிழை. ஆகவே அங்கத்துவ இலக்கம், தோட்டத்தின் பெயர், பிறந்த ஆண்டு, தந்தையின் பெயர் ஆகியவற்றோடு பெயரையும் ஒப்பிட்டு, ‘இவர் இன்ன காரணங்களால் இவராக இருத்தல் கூடும்’ என்று செயன்முறை ஒரு பட்டியலைக் கொடுக்கட்டும். பொறுப்புள்ள உத்தியோகத்தர் அதனை நோக்கி, உரியவரையும் வினவி முடிவு செய்யட்டும். முடிவு செய்தவர் பெயரும் நாளும் காரணமும் பதியப்படுக. பழைய எழுத்துக்கூட்டை ஒருபோதும் அழியாது பக்கத்திலே வைத்திருக்க. இன்று பிழையெனத் தோன்றுவது நாளை ஒருவர்க்குச் சான்றாகலாம்.

இதன் மறுதலையும் மெய்யே. ‘பொருந்தவில்லை’ என்று பொறி சொல்வது, ‘இல்லை’ என்று மறுப்பதற்குக் காரணமாதல் கூடாது. பெரிய கிளாக்கரோடு வாதாடலாம். அவர் மனம் இரங்கவும் கூடும். திரையிலே தோன்றும் ஒரு வரியோடு வாதாடுதல் எவ்வாறு? கிளாக்கர் ஒருவர் பிழைத்தால் அவர் தோட்டத்தார் மாத்திரம் துன்புறுவர். தேக்கிவைத்த விதி பிழைத்தால், நுவரெலியாவிலிருந்து பதுளை வரை அத்தளத்திற் பதிந்த அனைவரும் ஒரே நாளில் துன்புறுவர். இந்த வேறுபாட்டை எழுதுவோர் மறத்தல் ஆகாது. இப்பேச்சு எந்தவோர் அலுவலகத்தின் மென்பொருளையும் நோக்கியதன்று. இனி எழுதப்படும் எதற்கும் உரியது.

கல்லூரியின் பழைய மாணவருள் இன்று கணினித்துறையிலே கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உயர்ந்து விளங்குவோர் பலர். வங்கிகளுக்கும் கப்பற் கம்பனிகளுக்கும் அவர் நாடோறும் இத்தகைய சார்புகளை எழுதுகின்றனர். அவர்க்கு இவ்வேலை சில வாரத்து மாலைப்பொழுதுகளே. தற்போதைய மாணவர்க்கும் இதிலே இடமுண்டு: ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகின்றது என்று திரட்டுவதற்குக் கணினியறிவும் வேண்டாம். ஆட்களின் விபரமோ அட்டை இலக்கமோ இதற்குத் தேவையில்லை. பெயர்களின் எழுத்துக்கூட்டு மாத்திரம் போதும். அவ்விபரங்களைத் தேடித் துருவுதல் இப்பணிக்கு மாசாகும். மலைநாட்டிலே கடமையாற்றி இளைப்பாறிய முதியோர் எம்மிடையே இன்னும் உளர். அவர் நினைவு மங்குமுன் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு திரட்டிய விதிகளை விழாவாண்டின் காணிக்கையாக, தோட்டமோ திணைக்களமோ தொழிற்சங்கமோ வேண்டினோர் யாவரும் எடுத்தாளும்படி, விலையின்றி வெளியிடலாம்.

விழாவின் நினைவாக மண்டபம் எழுப்புவோம், மணிக்கூண்டு எழுப்புவோம் என்போரை நாம் தடுக்கவில்லை, அவையும் வேண்டியனவே. ஆயினும், எம் முன்னோர் பேனாவால் இருவராக்கப்பட்ட ஒரு தாய், தம் பிள்ளைகளின் கைபிடித்து மலையிறங்கி வந்து, ஒரே நடையிலே தம் பணத்தைப் பெற்றுத் திரும்புவாராயின், அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் கல்லூரிக்கு வேண்டுவதில்லை என்பது எமது துணிபு. அடுத்த விழாவாண்டு மலர் வெளிவருமுன் இது நிறைவேறுமாறு பழைய மாணவர் சங்கத்தார் முன்வருவாராக.